குட்டையனுக்கு ஆக்கிய சோறு

அப்பா முதன்முதலில் சோறாக்கியது எங்களுக்கு இல்லை. நாய்க்கு.

எனக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு மூன்று. அந்த வருஷம் ஆவணியில் அம்மா காய்ச்சலில் படுத்தாள். எட்டாம் நாள் போய்விட்டாள். அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் பெரியப்பா வந்து எங்கள் இரண்டு பேரையும் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். எங்கள் துணிமணியைப் பெரியம்மா ஒரு பழைய சேலையில் மூட்டை கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு உதறிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார். மறுபடியும் தட்டை உதறினார்.

பெரியப்பா வீடு ஊருக்குள். எங்கள் வீடு இரண்டு காடு தள்ளி, கிணற்றுப் பக்கம். வீடு என்றால் ஓலை வேய்ந்த சாளைதான். ஒரு பக்கம் மாட்டுக் கட்டுத்தரை, ஒரு பக்கம் அடுப்பு, நடுவில் நாங்கள். திருச்செங்கோட்டிலிருந்து பள்ளிபாளையம் போகிற வண்டித்தடம் எங்கள் வேலியை ஒட்டித்தான் போகும்.

பெண்பிள்ளை இல்லாத வீட்டில் அடுப்பு எரியாது. அப்போது அப்படித்தான். ஆண்பிள்ளை மாடு கட்டிக் கிணற்றில் கவலை இறைப்பான், ஏர் பூட்டுவான், வண்டி ஓட்டிக்கொண்டு ஈரோடு வரைக்கும் போவான். அடுப்பைத் தொட மாட்டான். அதனால் பிள்ளைகளுக்குச் சோறு பெரியப்பா வீட்டில் என்று ஆயிற்று. அப்பாவுக்கு மத்தியானம் ஒரு தூக்குப்போசிச் சோறு, சாயங்காலம் ஒரு போசி. கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

நாயை யாரும் நினைக்கவில்லை.

அது அம்மா கொண்டுவந்த நாய். பிறந்த ஊருக்குப் போனவள் திரும்பும்போது கூடையில் போட்டுத் துணி மூடிக் கொண்டுவந்தாளாம். கால் குட்டை. உடம்பு ஒரு சுரைக்காய் அளவு. முகம் மட்டும் நரி மாதிரி கூராக இருக்கும். குட்டையன் என்று பெயர். 'காவலுக்கும் ஆகாது, வேட்டைக்கும் ஆகாது, என்னத்துக்கு இது?' என்று அப்பா கேட்பார். 'திங்கறது ஒரு கை. கெடந்துட்டுப் போகுதுங்க' என்பாள் அம்மா. வடித்த கஞ்சியில் ஒரு கை களியைக் கரைத்து, சூடு ஆறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்து ஊற்றுவாள். எங்களுக்கு ஊற்றும்போது விரல் விட்டுப் பார்த்தாளா என்பது எனக்கு ஞாபகம் இல்லை.

ஊர் நாய்கள் வீட்டு மிச்சத்தைத் தின்று வளரும். அடுப்பு எரியாத வீட்டில் மிச்சம் ஏது? குட்டையன் இரண்டு நாள் அடுப்போரம் படுத்துப் பார்த்தது. மூன்றாம் நாள் என் பின்னாலேயே பெரியப்பா வீட்டுக்கு வந்தது. அங்கே முயல் பிடிக்கிற நாய் இரண்டு இருந்தன. குட்டையனைத் தூக்கி உதறிப் போட்டன. காதில் ஒரு கிழிசலோடு திரும்பி ஓடியது. அப்புறம் வரவில்லை.

அப்பா தன் போசியில் பாதியை அதற்குப் போட்டுப் பார்த்தார். பெரியம்மாவுக்கு மிளகாய்க் கை. குட்டையனுக்கு வயிற்றால் போயிற்று. விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டது.

ஐப்பசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். நான் மத்தியானம் போசியோடு போகும்போது சாளைக் கூரையிலிருந்து புகை வந்தது. நான் ஓடினேன். அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். அவளைக் கொண்டுபோனதைப் பார்த்தவள் நான். ஆனாலும் ஓடினேன்.

அடுப்புக்கு முன்னால் அப்பா இருந்தார். சட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, துடுப்பால் களி கிண்டிக்கொண்டிருந்தார். ஏர் மேழியைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. புகைதான். களியில் கட்டி கட்டியாக மாவு நின்றது. அடியில் தீய்ந்த வாசம்.

"ஆருக்குப்பா?"

"இதுக்குத்தான்" என்று தாடையால் குட்டையனைக் காட்டினார்.

மோர் ஊற்றிக் கரைத்துக் கல்சட்டியில் வைத்தார். குட்டையன் மோரைக் குடித்தது. களியைத் தின்றது. கட்டிகளை மட்டும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தது. அப்பா குந்தி உட்கார்ந்து அந்தக் கட்டிகளை வெகுநேரம் பார்த்தார். பரீட்சை எழுதியவன் போல.

மறுநாளும் புகை வந்தது. அதற்கு மறுநாளும்.

ஊருக்குத் தெரிய எத்தனை நேரம் ஆகும்? பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர், மாமன் முறை ஆக வேண்டும், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தமாகக் கேட்டார்.

"ஏனுங் மாப்ள, இன்னிக்கு நாய்க்கு என்ன கொழம்பு?"

"கீரைங்க மாமா."

"எனக்கு ஒரு வாய் கெடைக்குமா?"

"நாலு காலுல வாங்க, போடறேன்."

அவர் அப்புறம் கேட்கவில்லை. ஆனால் அவர் சிரித்தது ஊர் முழுக்கப் போயிற்று. பெரியப்பாவின் பையன்கள் இரண்டு பேர். பெரியவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"உங்கப்பன் நாய்க்குச் சமையக்காரன்."

"இல்லை."

"நாய்க்கு எலை போட்டுப் பரிமாறுறாராமே? தண்ணி தெளிச்சு?"

சின்னவன் நாய் மாதிரி நக்கிக் காட்டுவான். பெரியம்மா அதட்டுவாள், ஆனால் அதட்டும்போது அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். பெரியம்மா கெட்டவள் இல்லை. அவள் பிள்ளைகளுக்கு முதலில் போடுவாள், எங்களுக்கு அடுத்துப் போடுவாள். யாரும் அதைத்தான் செய்வார்கள். தம்பிக்கு மட்டும் அந்தக் காரம் ஆகவில்லை. தின்னும்போதெல்லாம் அழுவான். தண்ணீர் குடித்தே வயிறு ரொம்பிவிடும்.

ஒரு சாயங்காலம் அப்பா அங்கே வந்தார். பெரியப்பா வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அப்பா எதிரே நின்றார். அண்ணனுக்கு முன்னால் அவர் உட்கார மாட்டார்.

"சங்ககிரிப் பக்கம் ஒரு பொண்ணு இருக்குதாம்" என்றார் பெரியப்பா. "இருவது வயசு. கொஞ்சம் கால் சாய்ச்சு நடக்குமாம். அதனாலதான் இன்னும் கட்டிக் குடுக்காம இருக்கறாங்க. கைப்பக்குவம் நல்லா இருக்குமாம்."

அப்பா தோள் துண்டை எடுத்து உதறினார்.

"என்னடா?"

"சோறாக்கறதுக்குன்னு ஒருத்தியக் கூட்டியாரோணுமுங்களாண்ணா?"

"பின்னே? நீ ஆக்கிப் போடுவியா?"

உள்ளேயிருந்து பெரியம்மா சிரித்தாள். பெரியப்பாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

"தை வரைக்கும் பொறுங்கண்ணா."

"தையில என்ன? வானத்துல இருந்து ஆள் எறங்குமா?"

"பொறுங்க."

மஞ்சள் வெட்டு தையில்தான் வரும். அதற்காகச் சொல்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். எனக்கு வேண்டியது இரண்டு. நாங்கள் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். வேறொருத்தி அங்கே வரக்கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்க என்ன வழி என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் எருது ஒன்றுக்குக் குளம்பில் புண் வந்தது. அப்பா அதைத் திருச்செங்கோட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். என்னையும் கூட்டிப் போனார். டாக்டர் எங்கோ போயிருந்தார். கம்பவுண்டர்தான் இருந்தார். வெளியூர்க்காரர். மருந்து வைத்துக் கட்டி முடித்தார். அப்பா நகரவில்லை.

"இன்னும் என்னய்யா?"

"நாய் ஒண்ணு இருக்குதுங்க. சின்ன நாய். என்ன ஆக்கிப் போட்டா ஒடம்பு தேறுமுங்க?"

கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஆக்கிப் போடறதா? தொரை பங்களா நாயா?"

"இல்லீங்க. எங்கூட்டு நாய்தான்."

அவர் சிரித்தார். ஆனால் நல்ல மனுஷர். சிரித்த பிறகு சொன்னார். எதுவானாலும் நன்றாக வேக வேண்டும். காரம் ஆகாது. உப்பு ஒரு சிட்டிகை போதும். வாரத்தில் இரண்டு நாள் ஈரல் வேக வைத்து நறுக்கிப் போடலாம். முட்டை போடலாம். கீரையோ, பரங்கிக்காய் என்கிற அரசாணிக்காயோ மசித்துச் சேர்க்கலாம். கோழி எலும்பு கூடவே கூடாது, தொண்டையைக் கிழிக்கும். "ஒரே தடவையில கொட்டாதே. சின்ன வயிறு. ரெண்டு வேளையாப் பிரிச்சுப் போடு."

அப்பாவுக்கு எழுத்து வராது. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். மடக்கிய விரல்களை மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கும்பிட்டார். வாசல் வரைக்கும் வந்தவர் திரும்பிப் போனார்.

"ஏனுங்க, இதையே மூணு வயசுப் புள்ளைக்கும் போடலாமுங்களா?"

"யோவ், இது மாட்டாஸ்பத்திரி!" என்று கம்பவுண்டர் உரக்கச் சிரித்தார். அங்கே மாடு பிடித்து நின்றவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, "போடலாம், போடலாம். உப்பு மட்டும் கொஞ்சம் சேத்துப் போடு" என்றார்.

எனக்கு முகமெல்லாம் காந்தியது. நாய்ச் சோற்றை எங்களுக்குப் போடலாமா என்று ஊரறியக் கேட்டுவிட்டாரே. திரும்பி வரும்போது நான் அவரிடம் பேசவில்லை.  அவர் திருச்செங்கோட்டு மலை மறைகிற வரைக்கும் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை, "அரசாணிக்கா நம்ம வேலியிலேயே காய்க்குது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் கை தேறிவிட்டது. சந்தையில் ஆட்டு ஈரல் வாங்கிவந்து கொதிக்கிற தண்ணீரில் போட்டு, வெந்ததா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பார். ரத்தம் நிற்கிற வரைக்கும் வேக வைப்பார். முருங்கைக் கீரையைக் காம்பு இல்லாமல் உருவுவார். அரசாணிக்காயைத் தோல் சீவ அரிவாள்மணை எடுத்தால் விரலையும் சேர்த்துச் சீவிவிடும், அதனால் சுட்டுத் தோலை உரிக்கக் கண்டுபிடித்தார். கம்பை இடித்துக் குழைய ஆக்கி, கீரையைக் கடைந்து ஊற்றிப் பிசைவார். பிசைந்ததில் விரலை விட்டுச் சூடு பார்ப்பார். அம்மா பார்த்த மாதிரியேதான். முதலில் தான் ஒரு கவளம் தின்பார். பிறகுதான் குட்டையனுக்கு.

குட்டையனுக்கு மயிர் பளபளப்பு ஏறியது. கிழிந்த காது ஆறியது. கட்டுத்தரைக் கோழிகளைத் துரத்த ஆரம்பித்தது.

ஒருநாள் அடுப்போரம் நான் நிற்கும்போது ஒரு கவளம் உருட்டி என் முன்னால் நீட்டினார்.

"கட்டி இருக்குதா பாரு சாமி."

"நாய்ச்சோறு எனக்கு வேண்டாம்."

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு தன் வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். "கட்டி இல்லை" என்றார்.

மார்கழி பாதி ஆயிற்று. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போசியை வாங்கிக்கொண்டு அப்பா சொன்னார்: "நாளைக்கு மத்தியானம் தம்பியக் கூட்டிக்கிட்டு வா சாமி. நம்மூட்லயே சாப்புடலாம்."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பெரியப்பா வீட்டில் அதற்குள் தெரிந்திருந்தது. காலையிலேயே வந்து பெரியம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

"நாளையில இருந்து உங்களுக்கும் நாய்ச்சோறுதான்" என்றான் பெரியவன். "ஒரே சட்டியில. மொதல்ல குட்டையன், அப்புறம் நீ, அப்புறம் உன்ற தம்பி."

நான் அவனை அடிக்கவில்லை. அழவும் இல்லை. ஒரு யோசனை வந்தது. அப்பா ஆக்கிய சோற்றைக் குட்டையனே தின்னாமல் போய்விட்டால்? முகர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டால்? நாயே வேண்டாம் என்றதை எங்களுக்குப் போட மாட்டார். ஆக்குவதையே விட்டுவிடுவார். ஊர் சிரிக்காது.

அன்று பொழுது சாய்வதற்கு முன்னால் சாயங்காலப் போசியைக் கொண்டு போனேன். அப்பா கிணற்றில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். ஈரலும் கம்பஞ்சோறும் பிசைந்து கல்சட்டியில் ஆறிக் கிடந்தது. கட்டுத்தரை மூலையில் பரண் மேல் புண்ணாக்கு மூட்டைகள் இருக்கும். ஒன்று மாட்டுக்கு ஊற வைக்கிற கடலைக்காய்ப் புண்ணாக்கு. இன்னொன்று மஞ்சள் காட்டுக்கு எருவாகப் போட்டது போக மீந்தது. இருட்டு மூலை. கைக்கு வந்த மூட்டையை அவிழ்த்து ஒரு கட்டி எடுத்தேன். மூட்டையின் வாயை முன்பு இருந்த மாதிரியே மறுபடி கட்டினேன். அம்மா கட்டச் சொல்லிக் கொடுத்த முடிச்சுதான். கட்டியைக் கல்லால் நுணுக்கிச் சட்டியில் போட்டுப் பிசைந்தேன்.

மாட்டுத் தீனி என்று நினைத்துத்தான் போட்டேன். நாய் தின்னாது என்று நினைத்துத்தான் போட்டேன். அறுபது வருஷமாக இதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குட்டையன் முகர்ந்து பார்த்தது. தின்றது. சட்டியை நக்கி, சட்டிக்கு வெளியே சிந்தியதையும் நக்கிற்று. எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

மறுநாள் மத்தியானம் தம்பிக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரிக் கூட்டிப் போனேன். வாசலில் புதுச் சாணம் மெழுகியிருந்தது. அப்பா வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். அடுப்பில் நெல்லுச் சோறு. விசேஷ நாளுக்குத்தான் எங்கள் பக்கம் நெல்லுச் சோறு. கடைந்த பருப்பும் முருங்கைக் கீரையும் ஒரு சட்டியில். மசித்த அரசாணிக்காய் ஒரு சட்டியில். முட்டை இரண்டு உரித்து வைத்திருந்தது. இரண்டு வட்டில்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

அப்பா அடுப்போரம் இல்லை. கட்டுத்தரையில் உட்கார்ந்திருந்தார். குட்டையன் அவர் மடியில். வெளுத்த வேட்டியில் ரத்தம். விடிகாலையிலிருந்து கக்குகிறதாம். பின்னாலும் ரத்தமாகப் போகிறதாம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. வாலை ஒருமுறை அசைத்தது.

அப்பா ஒரு கையால் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையின் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். "காரம் போடலை. எலும்பு போடலை. எண்ணெ ஊத்தலை." எழுந்து போய்ப் பரணைப் பார்த்தார். மூட்டைகளின் வாயைத் தொட்டுப் பார்த்தார். "அதுவும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எது இல்லை என்று எனக்கு விளங்கவில்லை. விரலில் ஒன்று மீந்தது. "ஈரல்" என்றார்.

அதற்குள் தம்பி அடுப்புப் பக்கம் போய் முட்டையை எடுத்துவிட்டான்.

"தொடாதே!"

அப்பா கத்தி நான் கேட்டது அன்று ஒருநாள்தான். மாடு கூட மிரண்டது. பாய்ந்து வந்து தம்பியின் கையிலிருந்து முட்டையைப் பிடுங்கினார். வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுத் துழாவினார். தம்பி வீறிட்டான். சோற்றுச் சட்டி, பருப்புச் சட்டி, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் கொட்டினார். நெல்லுச் சோறு வெள்ளையாக ஆவி பறந்துகொண்டு கிடந்தது. காக்கைகள் வந்து தின்றன. தின்றுவிட்டுப் பறந்து போயின. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அப்பா பார்க்கவில்லை.

வண்டித்தடத்தில் போய்க்கொண்டிருந்த பெரியப்பா தம்பியின் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"நாய்தானேடா. விடு."

"அதே சட்டியிலதாண்ணா நானும் தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. பெரிய வவுறு, தாங்கிருச்சு. சின்ன வவுறு தாங்கலை."

"அதுக்கு என்ன இப்போ?"

"ஈரல் வெந்துதான் இருந்துச்சு. குத்திப் பாத்தேன். அப்படியும் என்ற கை தப்பிருச்சு. எங்கன்னு தெரியலை." தம்பியைப் பார்த்தார். "இதே சோத்த நேத்து இவனுக்குப் போட்டிருந்தா?"

பெரியப்பா தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அப்போது நான் சொல்லியிருக்கலாம். புண்ணாக்குத்தானே, மாடே தின்கிறதே, அதனால் ஆகியிருக்காது என்று இருந்தேன். பாதி அது. பாதி பயம்.

குட்டையன் அன்று முழுக்கக் கிடந்தது. அப்பா துணியை நனைத்து வாயில் பிழிந்துகொண்டே இருந்தார். சனிக்கிழமை பிற்பகல் மூச்சு நின்றது. மஞ்சள் காட்டு வரப்பில் குழி வெட்டிப் புதைத்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் மாட்டுத் தண்ணீரில் கலக்கப் பரணிலிருந்து ஒரு கட்டி புண்ணாக்கு எடுத்தேன். சித்தி பின்னாலேயே காலைச் சாய்த்துச் சாய்த்து ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். "ஐயோ சாமி, அது கொட்டமுத்துப் புண்ணாக்கு. காட்டுக்குப் போடறது. மாடு தின்னா மாடே போயிரும். எங்கூர்ல ஒரு நாய் தின்னுபோட்டு ரத்தமாக் கக்கிச் செத்துச்சு." ஆமணக்கைத்தான் எங்கள் பக்கம் கொட்டமுத்து என்போம். கையிலிருந்ததை வெளிச்சத்தில் பார்த்தேன். கருப்பாக இருந்தது. கடலைக்காய்ப் புண்ணாக்கு அத்தனை கருப்பு இருக்காது. அப்பா பத்தடி தள்ளிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அன்று சொல்லவில்லை. அவர் சாகிற வரைக்கும் சொல்லவில்லை.

சித்தி நல்லவள். அதையும் சொல்ல வேண்டும். தம்பிக்கு என்று மிளகாய் கிள்ளாமல் தனியாக ஒரு குழம்பு வைப்பாள். என்னைக் கட்டிக் கொடுக்கிற வரைக்கும் நான் ஒருவேளை பசியோடு படுத்ததில்லை. அப்பா அவளை அடித்ததும் இல்லை, வைததும் இல்லை. 'சோறு போடு', 'போதும்'. இருபத்தைந்து வருஷத்தில் அவளோடு அவர் பேசியது பெரும்பாலும் இந்த இரண்டுதான். ஒருநாள் அம்மியில் அரைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "உங்கப்பனுக்கு என்னையப் புடிக்காதா சாமி?" நான் அரைத்ததை வழித்துக் கொடுத்தேன். அவளைக் கூட்டி வந்தது யாருடைய கை என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

குழியை மூடிவிட்டு அப்பா குளித்தார். பிறகு சட்டிகளை எல்லாம் கிணற்றடிக்குக் கொண்டுவந்தார். துடுப்பு, கரண்டி, எல்லாம். சாம்பல் போட்டுத் தேய்த்தார். நான்தான் சாம்பல் அள்ளிக் கொடுத்தேன். கழுவியதை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுபோய்ப் பரண் மேல் கவிழ்த்தார். அடுப்புச் சாம்பலை வாரித் தண்ணீர் தெளித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். வெகுநாளைக்குப் பிறகு பிடித்தார். கை ஈரமாக இருந்தது. நான் குதித்துக் குதித்து நடந்தேன். குட்டையனுக்காக அழுதேனா என்றால் அழுதேன். ஆனால் அது குழியை மூடியதோடு முடிந்திருந்தது.

பெரியப்பா வீட்டில் சாப்பாட்டு நேரம். பெரியம்மா அப்பாவுக்கும் ஒரு வட்டில் வைத்தாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்தார். அம்மா போனதிலிருந்து எங்களோடு அவர் உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல். பெரியவன் வாயைத் திறக்கவில்லை. இனிமேல் திறக்கவும் முடியாது என்று நினைத்தேன். நாயும் இல்லை, நாய்ச்சோறும் இல்லை.

"சங்ககிரிக்குச் சொல்லி உட்ருங்கண்ணா" என்றார் அப்பா. களியைத் தொடவில்லை.

"தையிலேயா?"

"தையிலேயே பாத்துருங்க."

யாருக்கு, என்ன சொல்லி விடுவது என்று நான் கவனிக்கவில்லை. அவர் முழங்கை என்மேல் பட்டுக்கொண்டிருந்தது. நான் கொள்ளுப் பருப்பில் களியைத் தோய்த்து முழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு உருண்டை தீர்ந்து வட்டிலை நீட்டினேன். பெரியம்மா இன்னொன்று வைத்தாள்.

"பாருங்க, இன்னிக்குத்தான் புள்ள வாய் நெறையத் திங்குது" என்றாள்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தின்பதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சரி என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் நான் இன்னும் பெரிய கவளமாக உருட்டினேன்.